ரீசெட் கம்பியோடு என் குடித்தனம்

ஒரு கம்பியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, சரியான சமயத்தில் விட்டுவிட வேண்டும். எங்கள் தொழில் அவ்வளவுதான், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் டிரைவர் எழுதுகிறவள். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் "லோரியா, பஸ்ஸா?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் என் அம்மாவிடம் போய், "பொம்பளப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்று வருத்தப்பட்டார்கள். நான் சொல்லும் டிரைவருக்கு ஸ்டியரிங் கிடையாது. எந்தக் கணினிக்குள்ளும் கெர்னல் என்று ஒரு நிர்வாகி உட்கார்ந்திருக்கும். திரை, மோட்டார், மோடம் என்று எந்தச் சிப்போடு பேச வேண்டுமானாலும் அதற்கு இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிரைவர். ஒவ்வொரு சிப்புக்கும் ரீசெட் என்று ஒரு கம்பி போகும். அதை அழுத்திப் பிடித்தால் சிப் மயங்கிக் கிடக்கும். விட்டால், எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகப் பிறந்தது போல எழுந்திருக்கும்.

பத்து பெரெண்டாமில் ஒரு சின்னக் கம்பனியில் இந்த வேலையைப் பார்க்கிறேன். முதலாளி மேடம் வோங். சர்க்யூட் போர்டு வரைகிறவர் ஹபிஸ். அவர் வரைந்ததைப் பேச வைப்பது என் பொறுப்பு. எப்போது அழுத்துவது, எப்போது விடுவது, விட்ட பிறகு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று தெரியாமல் திண்டாடிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் சாதி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

எழுப்பினால் தூங்கும்

கிளேபாங் கடற்கரைச் சாலையில் ஜமால் பாய் தேங்காய் ஷேக் கடை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வரிசை ரோட்டைத் தொடும். அதற்காக எண் காட்டும் பலகை ஒன்றை எங்களிடம் வாங்கினார். பழைய பலகை நன்றாகத்தான் ஓடியது. இரண்டாவது கிளைக்குப் புதிதாக ஒன்று போட்டோம், அதில்தான் வம்பு. சுவிட்சைப் போட்டதும் கட்டமெல்லாம் பளிச்சென்று எரியும். உள்ளே கெர்னல் எழுந்து, எல்லாம் தயார் என்று சொல்கிற அதே நொடியில் பலகை இருண்டுவிடும். பாய் தொண்டை கிழிய எண்களைக் கத்திக்கொண்டிருந்தார். தங்கள் எண் எப்போதோ போய்விட்டது என்று ஒரு குடும்பம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தேன். டிரைவர் வரும் முன்பு விழித்திருக்கிறது, வந்ததும் தூங்குகிறது. அப்படியென்றால் நான் எழுப்புவதாக நினைத்துக்கொண்டு தூங்க வைக்கிறேன். கம்பியின் திசை தலைகீழாக இருக்கிறது. கடையில் இருந்தே ஹபிஸுக்குப் போன் போட்டேன். "ரீசெட் கம்பி போற வழியில புதுசா ஏதாச்சும் வச்சியா?" என்றேன். "ஒரு டிரான்சிஸ்டர். ரொம்பச் சின்னது" என்றார், சின்னதாக இருந்தால் குற்றம் இல்லை என்பது போல. அந்தச் சின்னது தன்னிடம் வருவதைத் திருப்பிப் போட்டு அனுப்பும் வகை. மேலே தூக்கினால் அந்தப் பக்கம் கீழே இறங்கும்.

"டிரைவர்லயே தலைகீழா எழுதிடேன், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று ஹபிஸ் யோசனை சொன்னார். முடியாது என்றேன். அதே டிரைவர்தான் முதல் கடையின் பழைய பலகையிலும் ஓடுகிறது. இங்கே எழுப்பப் போய் அங்கே தூங்க வைத்துவிடுவேன். எந்தப் போர்டில் எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று கெர்னலுக்குச் சொல்வதற்கு ஒவ்வொரு போர்டுக்கும் தனிக் குறிப்பு உண்டு. திருத்த வேண்டிய இடம் அதுதான். ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். பலகை எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. ஜமால் பாய் எனக்கு ஒரு பெரிய ஷேக்கை நீட்டிவிட்டுச் சொன்னார்: "கடை திறக்கிறதுக்கு முன்னாடி சுறுசுறுப்பா இருக்கும், திறந்ததும் படுத்துக்கும். என் மச்சானும் அப்படித்தான். அவனுக்கும் ஒரு வார்த்தை மாத்தி விட முடியுமா, தங்கச்சி?"

மெதுவாக அணைக்கவும்

டவுனில் ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கேட் இருக்கிறது. காவலுக்கு இருப்பவர் பாலா. கார்டு படிக்கும் சிப் எப்போதாவது மக்கர் பண்ணும். பாலா மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவார். அப்படிப் போட்ட பிறகும் கேட் திறக்கவில்லை, பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன என்று எனக்குப் போன் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். அணைத்த பிறகும் போர்டில் கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கும், அது வடியச் சிறிது நேரம் ஆகும். சடாரென்று அணைத்து சடாரென்று போட்டால் சிப் முழுசாகச் சாகவும் இல்லை, முழுசாகப் பிழைக்கவும் இல்லை. பாதி மயக்கத்தில் உட்கார்ந்திருக்கும். "நான் வர்ற வரைக்கும் மெதுவா பண்ணுங்க பாலா, அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படியும் திறக்கவில்லை என்று வழியிலேயே மறுபடி போன்.

போய்ப் பார்த்து, டிரைவரை மாற்றினேன். இனி மின்சாரம் வந்ததை நம்பி அது சும்மா இருக்காது. முதல் வேலையாகத் தானே ரீசெட் கம்பியைப் பிடித்து, சிப்பை நன்றாக மயங்க விட்டு, அப்புறம் எழுப்பும். கேட் மேலே போனது, கார்கள் நகர்ந்தன. "நான் மெதுவா பண்ணச் சொன்னேனே, செய்யலையா?" என்று பாலாவிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் இல்லாத ஒரு சுவிட்சை அங்குலம் அங்குலமாக அமுக்கிக் காட்டினார். "இதைவிட மெதுவா எப்படிக்கா அமுக்கறது? விரலே மரத்துப் போச்சு."

மீனும் மோடமும்

முனியாண்டி அண்ணன் குடும்பம் ரப்பர் தோட்டத்தில் இருந்து வந்தது. இவர் தலைமுறையில் பால்வாளியை விட்டுவிட்டு, கிளேபாங்கைத் தாண்டிக் கடலோரம் குளம் வெட்டிக் கொடுவா மீன் வளர்க்கிறார். நெருக்கமாக வளரும் மீனுக்குத் தண்ணீரில் காற்று போதாது. அதற்காகக் குளத்தில் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மோட்டார்களை ஓட்டுவது எங்கள் போர்டு. குளத்து நிலவரத்தை அவருடைய போனுக்கு அனுப்புவதற்கு அதிலேயே ஒரு மோடமும் உண்டு.

மழை மூட்டம் போட்ட ஒரு காலையில் கூப்பிட்டார். "கோமதி, சக்கரம் நின்னுருக்குமா. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை, பயம் இருந்தது. நானும் ஹபிஸும் காரில் பறந்தோம். போனபோது அவரும் அவர் மனைவி பாக்கியமும் ஆளுக்கொரு வாளியில் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குளம் முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். கரையோரம் சில மீன்கள் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன. ஹபிஸ் ஆபீஸ் கால்சட்டையோடு குளத்தில் இறங்கி, ஒரு பலகையை எடுத்துத் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தார். நான் பெட்டியைத் திறந்து மோட்டாரைக் கையால் கிளப்பினேன். சக்கரம் சுழன்றது. பாக்கியம் அக்கா வாளியோடு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பெட்டியை விட்டு நகரவில்லை. சிறிது நேரத்தில் மோடத்தின் விளக்கு அணைந்தது. அணைந்த அதே கணத்தில் சக்கரமும் நின்றது. மறுபடி கிளப்பிவிட்டு, "ஹபிஸ், மோடத்துக்கும் மோட்டாருக்கும் ஒரே ரீசெட் கம்பியா?" என்று கத்தினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "இடம் இல்லாம போச்சு, அதான் சேர்த்துட்டேன்" என்றார். கதை புரிந்துவிட்டது. சிக்னல் மோசமாக இருந்தால் மோடம் திணறும். மோடம் விற்றவர்கள் கொடுத்த டிரைவர், யாரையும் கேட்காமல் கம்பியைப் பிடித்து இழுக்கும். அந்தக் கம்பியின் மறுமுனையில் மோட்டாரும் இருப்பது அதற்குத் தெரியாது. மோடம் எழுந்துவிடும், மோட்டாரோ பாதுகாப்புக்காகக் கையால் கிளப்பினால்தான் மறுபடி ஓடும்.

இப்படிப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும் கம்பிக்குக் கெர்னலில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. எத்தனை பேர் அதை நம்பி விழித்திருக்கிறார்கள் என்று அது கணக்கு வைத்திருக்கும். ஒருவர் ரீசெட் கேட்டாலும், இன்னொருவர் விழித்திருக்க வேண்டுமானால் கம்பியைத் தொடாது. மோடத்தின் டிரைவரை அந்த வழியாகக் கேட்கும்படி அங்கேயே மாற்றி எழுதினேன். மோட்டார் ஓடும்வரை இனிக் கம்பி அசையாது. மோடம் திணறினால், அதற்குப் புரியும் கட்டளை ஒன்றை அனுப்பி, தானாகவே புதிதாகத் தொடங்கச் சொல்லலாம். கேட்காவிட்டால் கிடக்கட்டும். போனில் மேடம் வோங் தயங்கினார். மோடம் கிடந்தால் செய்தி போகாதே, வாடிக்கையாளர் கோபிக்க மாட்டாரா? வாடிக்கையாளரிடமே கேட்போம் என்று போனை முனியாண்டி அண்ணனிடம் நீட்டினேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "செய்தி வரலைன்னா நான் வீட்ல இருந்து எட்டிப் பாத்துக்கறேன், மேடம். இந்த மீனுங்க யாருக்கும் போன் பண்றதில்ல."

குளிரில் எழுந்திருப்பது

புக்கிட் ரம்பாயில் மீன் உருண்டையும் கறிபாஃப் பலகாரமும் உறைய வைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலை. அங்கே குளிர் அறைக் கதவுகளுக்குக் கார்டு படிக்கும் கருவி நாங்கள் போட்டது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஒருநாள் மின்சாரம் கண் சிமிட்டியது. வெளியே இருந்தது எழுந்துவிட்டது, உள்ளே இருந்தது எழவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர் பேக்கிங் பகுதியின் சூப்பர்வைசர் லெட்சுமி அக்கா. கார்டைக் காட்டிக் காட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அவசரக் கைப்பிடியைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எங்கள் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

கழற்றும் முன் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். எங்கள் ஆபீஸ் மேசையில் அந்தக் கருவி ஒரு முறைகூடத் தவறவில்லை. அவர்களுடைய குளிர்ப்பெட்டிக்குள் வைத்து அணைத்துப் போட்டால், படுத்துவிட்டது. சிப்புக்கு நேரம் காட்டத் துடிக்கும் படிகம் ஒன்று இருக்கிறது. குளிரில் அது துடிக்கத் தொடங்கவே தாமதமாகும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய டிரைவர், சாதாரணமாக ஆகும் நேரம் மட்டும் பொறுத்துவிட்டு, "இருக்கியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்கும். பதில் வராவிட்டால் இங்கே சிப்பே இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். கையேட்டில் அதிகபட்ச நேரம் என்று இன்னொரு எண் பக்கத்திலேயே இருந்தது. அந்த நேரம் முழுவதும் பொறுக்கவும், தயாரா என்று விட்டு விட்டுக் கேட்கவும், அப்படியும் பதில் இல்லையென்றால் மறுபடி ரீசெட் செய்து முயற்சி பண்ணவும் கற்றுக்கொடுத்தேன்.

சரியாகிவிட்டது என்று சொன்னேன். லெட்சுமி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவருடைய தடித்த சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் போனேன். "கதவை மூடுங்க. மின்சாரத்தை அணைச்சுப் போடுங்க" என்றேன். மூடினார். இருட்டு. மூக்கு நுனி எரிந்தது. வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் என் கண் அந்தச் சின்ன விளக்கு இருந்த இடத்தை விட்டு அகலவில்லை. பச்சை வந்தது. கார்டைக் காட்டினேன், கதவு திறந்தது. லெட்சுமி அக்கா தன் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல உக்காந்துகிட்டு சரியாயிடுச்சுன்னு சொல்றவங்களை நெறையப் பாத்துட்டேன். நீ உள்ள போயி நின்ன பாரு, அதனால மாட்டியே இருக்கட்டும்."

தெரியாததை நல்லது என்று சொல்லும் சிப்

இது சிரிப்புக் கதை இல்லை. டவுனுக்கு வெளியே இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தில், சிகிச்சைக்குப் போகும் தண்ணீரின் சுத்தத்தை அளக்கும் கருவி எங்கள் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். ஒரு காலை, மையத்தின் தலைமைத் தாதி புஷ்பா சிஸ்டர் சிகிச்சையைத் தொடங்க மறுத்துவிட்டார். திரையில் எண் பச்சையில் இருந்தது. ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பகுதியில் அன்று வேலை நடந்திருந்தது. அப்படிப்பட்ட நாளில் எண் கொஞ்சமாவது ஆட வேண்டும். இதுவோ ஒரு கணம் எகிறும், உடனே வந்து அதே பழைய எண்ணில் குத்திட்டு நிற்கும். சிஸ்டர் கையில் வைத்து அளக்கும் கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அது சிவப்பைக் காட்டியது. நாற்காலிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவை அழைத்து வந்திருந்த ஒரு பெண் அழுதுகொண்டே சண்டை போட்டாள். திரையில் பச்சையாகத்தானே இருக்கிறது என்று மேலாளரும் சொல்லிப் பார்த்தார். சிஸ்டர் அசையவில்லை.

நான் போய் டிரைவரின் பதிவுகளைத் திறந்தேன். சிப்போடு வந்த டிரைவர் அது. எண் எல்லையைத் தாண்டினால், "இவ்வளவு மோசமாக இருக்க முடியாது, சிப்தான் உளறுகிறது" என்று அதுவாக முடிவுகட்டி ரீசெட் கம்பியை இழுக்கிறது. ரீசெட் ஆன சிப், முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய ஓர் ஆரம்ப எண்ணை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் பச்சைக்குள் விழுவது. டிரைவர் அதை வாங்கித் திரைக்குக் கொடுத்துவிடுகிறது. அடுத்த அளவு மறுபடி எகிறும், மறுபடி ரீசெட், மறுபடி பச்சை. கெட்ட தண்ணீரைப் பார்த்த சிப் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை மயக்கி, வேறொன்றைப் பேச வைத்திருக்கிறோம்.

அன்று தண்ணீரைச் சரிசெய்து, கைக்கருவியால் இரண்டாவது ஆளும் அளந்து பார்த்த பிறகுதான் சிகிச்சை தொடங்கியது. எல்லோரும் நலமாக வீட்டுக்குப் போனார்கள். நான் அந்த டிரைவரை முதலில் இருந்து எழுதினேன். சிப் பதிலே சொல்லாவிட்டால் மட்டும்தான் ரீசெட். பிடிக்காத பதில் சொன்னதற்காக இல்லை. ரீசெட் ஆன பிறகு, உண்மையான முதல் அளவு வரும்வரை திரையில் எண்ணே வராது, வெறும் கோடுதான். மேலாளருக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. நோயாளிகள் பயப்படுவார்கள், அதுவரை கடைசியாக வந்த நல்ல எண்ணைக் காட்டி வைக்கலாமே என்றார். நான் வாயைத் திறக்கும் முன் புஷ்பா சிஸ்டர் பதில் சொல்லிவிட்டார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும், சார். அதைக் கேட்டா யாரும் சாக மாட்டாங்க."

மெர்டேக்கா திரை

எங்கள் காஜா பெராங்கில் தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டி சமூகத்தைச் சேர்ந்த நடராஜா அங்கிள்தான் மெர்டேக்கா என்னும் சுதந்திர தின விழாக் குழுவின் தலைவர். பெயரில் இருக்கும் தமிழ் அவர் பேச்சில் இல்லை. அவர்கள் வீட்டு மலாயில் அவர் பேசுவார், பள்ளிக்கூடத்து மலாயில் நான் பதில் சொல்வேன். நடுவில் வரும் ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களுக்கு இருவரும் சிரித்துக்கொள்வோம். சுதந்திரம் வரப்போகும் நாளை இந்த ஊர் பாடாங் மைதானத்தில் அறிவித்தபோது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவர் அவர். இந்த முறை விழாவுக்குப் பெரிய திரை வேண்டும் என்றார். எங்கள் கம்பனியில் கேட்டு நான் ஏற்பாடு செய்தேன்.

ஒத்திகையில் திரையில் கொடி வந்தது. கெர்னல் வரும் முன்பே ஒரு சின்ன நிரல் அந்தப் படத்தைப் போட்டுவிடும். பிறகு கெர்னல் வந்தது, என் டிரைவர் வந்தது, கையேடு சொன்னபடி முதல் வேலையாகத் திரைச் சிப்பை ரீசெட் செய்தது. கொடி ஒரு கணம் கறுப்பாகிவிட்டுத் திரும்பி வந்தது. எனக்கு அது சாதாரணம். அங்கிளுக்கு முகமே மாறிவிட்டது. "கொடி இருட்டாகக் கூடாதும்மா, ஒரு வினாடிகூட" என்றார், தன் மலாயில். ஹபிஸ் கையேட்டைக் காட்டி, ரீசெட் செய்துதான் ஆக வேண்டும் என்றார். எழுந்து உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருப்பவனை எதற்குத் தலையில் தட்டி மயக்க வேண்டும் என்று நான் கேட்டேன். டிரைவரை மாற்றினேன்: முதலில் சிப்பைக் கேள், விழித்திருக்கிறதா, படம் காட்டுகிறதா? ஆம் என்றால் கம்பியைத் தொடாதே, அது விட்ட இடத்தில் இருந்து நீ வாங்கிக்கொள். அடுத்த ஒத்திகையில் கொடி அசையவில்லை. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

விழா அன்று காலை, தேசிய கீதம் பாதியில் இருக்கும்போது, யாரோ தே தாரேக் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் பெரிய பானையை அதே இணைப்பில் செருகிவிட்டார்கள். மின்சாரம் போய்விட்டது. திரை, ஒலிபெருக்கி, எல்லாம் அணைந்தன. பாட்டை யாரும் நிறுத்தவில்லை. முன் வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள் குரலை உயர்த்திப் பாடினார். பின்னால் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மின்சாரம் திரும்பியது. கொடி வந்தது, கெர்னல் வந்தது, டிரைவர் வந்தது. ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் கொடி நின்றது. ஆனாலும் அணைந்தது அணைந்ததுதானே. கூட்டம் கலைந்ததும் அங்கிளிடம் போய் வருத்தம் தெரிவித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்குப் பாடாங்ல நாங்க ரொம்பப் பின்னால நின்னோம். ஒரு வார்த்தை கேக்கல, ஒண்ணும் தெரியல. முன்னால இருந்தவங்க கைதட்டினாங்க, என்னன்னே தெரியாம எங்கப்பாவும் தட்டினாரு, நானும் தட்டினேன். சுதந்திரம் வந்துடுச்சு இல்ல?"

ஆக, நண்பர்களே, உலகத்துச் சிப்புகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்க வைக்கும் இந்த வேலையில், என்னை மட்டும் எப்போதும் யாரோ பாதியில் விட்டுப் போன இடத்திலிருந்துதான் தொடங்கச் சொல்கிறார்கள்.